ஐரோப்பாவோட பசுமைக் காசு எங்க போகுது, எங்க நின்னு போகுது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பான்னு பேச்செடுத்தாலே "அவங்கல்லாம் சோலார், காத்தாலைன்னு எங்கயோ போயிட்டாங்க"ன்னு ஒரு கோஷ்டி, "எல்லாம் வேஷம், இன்னும் கரிதான் எரிக்கிறாங்க"ன்னு இன்னொரு கோஷ்டி. ரெண்டு பக்கமும் பாதி உண்மை இருக்கு. காசு எங்கேர்ந்து வருது, எதுக்கு முதல்ல போகுதுன்னு பார்த்தாதான் விஷயம் பிடிபடும். தொகையெல்லாம் கோடிக் கணக்குல போட்டிருக்கேன், ஒரு யூரோ தோராயமா 100 ரூபான்னு வச்சுக்கோங்க.

மொத்த ஐரோப்பாவுக்கும் ஒரே ஃபண்டா, இல்ல ஒவ்வொரு நாடும் தனித்தனியா செலவு பண்ணுதா?

ரெண்டும் நடக்குது, அதனாலதான் இவ்ளோ குழப்பம். ஐரோப்பிய யூனியன்ல 27 நாடு இருக்கு. யூனியன் தலைமையகம் இருக்கிற பிரஸ்ஸல்ஸ்ல ஏழு வருஷத்துக்கு ஒருமுறை பொது பட்ஜெட் போடுவாங்க, இப்ப ஓடிட்டு இருக்கிறது 2021லேர்ந்து 2027 வரைக்கும் உள்ளது, 2018 விலைக் கணக்குல சுமார் 1.07 லட்சம் கோடி யூரோ. அதுக்கு மேல கொரோனாவுக்கு அப்புறம் யூனியனே சேர்ந்து கடன் வாங்கி 75,000 கோடி யூரோவுக்கு ஒரு மீட்பு நிதி போட்டாங்க. இந்த மொத்தத்துல 30% பருவநிலை சம்பந்தமா போகணும்னு ரூல், மீட்பு நிதியில ஒவ்வொரு நாட்டோட திட்டத்துலயும் குறைஞ்சது 37%.

ஆனா எந்த நாடு எதுல கரண்ட் எடுக்கணும்னு பிரஸ்ஸல்ஸ் சொல்ல முடியாது, அது அந்தந்த நாட்டோட உரிமைன்னு ஒப்பந்தத்துலயே இருக்கு. காத்தாலை ஏலம், வீட்டுக்கு மானியம், எலக்ட்ரிக் காருக்கு போனஸ் எல்லாம் பாரிஸ், பெர்லின், வார்சான்னு தலைநகரங்கள்ல முடிவாகுறதுதான். அந்த மானியத்தால பக்கத்து நாட்டு கம்பெனிக்கு அநியாயம் நடக்குதான்னு பார்த்து ஓகே சொல்ற வேலை மட்டும் பிரஸ்ஸல்ஸுக்கு. பிரிட்டன், நார்வே, சுவிட்சர்லாந்து எல்லாம் யூனியனுக்கு வெளிய, அவங்க கணக்கு தனி.

இவ்ளோ காசு எங்கேர்ந்துதான் வருது? எல்லாம் வரிப்பணமா?

வரியும் உண்டு, கடனும் உண்டு. இதைத் தவிர நம்ம ஆளுங்க அதிகமா கவனிக்காத இன்னொரு வழி இருக்கு, அது கார்பன் சந்தை. 2005ல ஆரம்பிச்சது. மின் நிலையம், ஸ்டீல் ஆலை, சிமென்ட் ஆலை எல்லாம் ஒரு டன் கார்பன் வெளியவிட ஒரு பெர்மிட் கையில வச்சிருக்கணும், அந்த பெர்மிட்ல பெரும்பகுதியை அரசாங்கங்கள் ஏலம் விடும். ரொம்ப வருஷம் விலை படுத்தே கிடந்துச்சு, அப்புறம் ஏறி 2023 பிப்ரவரியில ஒரு டன் 100 யூரோவைத் தாண்டுச்சு. 2013லேர்ந்து கணக்குப் பார்த்தா இந்த ஏலத்துல 20,000 கோடி யூரோவுக்கு மேல வந்திருக்கு. பெரும்பகுதி அந்தந்த நாட்டு கஜானாவுக்கே போகுது, 2023லேர்ந்து அது முழுசையும் பருவநிலை, எரிசக்தி வேலைக்குத்தான் செலவழிக்கணும்னு சட்டம். ஒரு பகுதியை எடுத்து நவீனமயமாக்கல் நிதின்னு தனியா வச்சு போலந்து, ருமேனியா, செக் மாதிரி வசதி குறைஞ்ச நாடுங்களுக்குக் கொடுக்கிறாங்க, இன்னொரு பகுதி புது டெக்னாலஜிக்கு.

அசுத்தம் பண்றவன்கிட்ட வசூல் பண்ணி சுத்தம் பண்றவனுக்குக் கொடுக்கிற ஏற்பாடுங்கிறதால, இருக்கிறதுலயே நியாயமான வழி இதுதான்னு எனக்குத் தோணும்.

30%னு சொல்றாங்களே, நெசமாவே அவ்ளோ செலவாகுதா?

பேப்பர்ல ஆகுது. யூனியனுக்குன்னு சொந்தமா ஒரு தணிக்கை அமைப்பு இருக்கு, நம்ம ஊர் சிஏஜி மாதிரி, லக்சம்பர்க்ல உக்காந்து யார் முகத்தையும் பார்க்காம எழுதுவாங்க. முந்தின பட்ஜெட் காலத்துல, அதாவது 2014லேர்ந்து 2020 வரைக்கும், 21,600 கோடி யூரோ பருவநிலைக்கு செலவு பண்ணோம், 20% இலக்கைத் தொட்டுட்டோம்னு பிரஸ்ஸல்ஸ் பெருமையா சொல்லுச்சு. 2022ல தணிக்கைக்காரங்க அதைப் பிரிச்சுப் பார்த்து, குறைஞ்சது 7,200 கோடி சும்மா ஏத்திச் சொன்ன கணக்கு, உண்மையில சுமார் 13%தான்னு போட்டு உடைச்சாங்க.

ஏத்தினதுல பெரிய பங்கு விவசாய மானியம். ஹெக்டேருக்கு இவ்ளோன்னு விவசாயிக்குக் கொடுக்கிற காசுல ஒரு பகுதியையும் பருவநிலைச் செலவுன்னு எழுதிக்கிட்டாங்க. அதுக்கு முந்தின வருஷமே இதே தணிக்கைக்காரங்க, பருவநிலை பேர்ல விவசாயத்துக்குப் போன 10,000 கோடி யூரோவுக்கு மேல பணத்தால விவசாயத்துறை புகை பெருசா குறையவே இல்லன்னு எழுதியிருந்தாங்க. அதனால எந்த நாடு எத்தனை சதவீதம்னு பட்டியல் பார்த்தா, எதையெல்லாம் அந்தக் கணக்குல சேர்த்தாங்கன்னு கேட்டுட்டு அப்புறம் நம்புங்க.

சரி, முதல் முன்னுரிமை எதுக்கு?

கரண்ட் உற்பத்திக்கு. அதுல சந்தேகமே வேணாம். ஜெர்மனி 2000ல ஒரு சட்டம் போட்டுச்சு, கூரையில சோலார் போட்டாலும் வயல்ல காத்தாலை வச்சாலும் 20 வருஷத்துக்கு இந்த விலைக்கு வாங்கிக்கிறோம்னு கேரன்டி. அந்தக் காசை ஒவ்வொரு வீட்டு கரண்ட் பில்லுலயும் தனியா ஒரு வரியா போட்டாங்க, 2017ல யூனிட்டுக்கு 6.88 சென்ட் வரைக்கும் போச்சு, மக்கள் திட்டித் தீர்த்தாங்க, 2022ல அதை எடுத்துட்டு அரசு பட்ஜெட்லேர்ந்தே கொடுக்க ஆரம்பிச்சாங்க. ஆனா சோலார் பேனல் இன்னிக்கு இவ்ளோ மலிவா கிடைக்குதுன்னா, ஆரம்பத்துல விலை அதிகமா இருந்தப்பவே வாங்கி வாங்கி சந்தையை உருவாக்கின அந்த ஜெர்மன் பில்லுக்கும் அதுல பங்கு இருக்கு. அதுக்கு யாரும் நன்றி சொல்றதில்ல.

பலன் கண்ணுக்குத் தெரியுது. 2024ல யூனியன் மொத்த கரண்ட்ல கிட்டத்தட்ட பாதி புதுப்பிக்கத்தக்க வழியில வந்துச்சு. பிரிட்டன்ல 2024 செப்டம்பர் 30ந்தேதி கடைசி நிலக்கரி மின் நிலையத்தை மூடிட்டாங்க. உலகத்துக்கே நிலக்கரி கரண்ட்டை அறிமுகம் பண்ண நாடு அது!

அப்புறம் ஏன் கரண்ட் விலை குறையல? காத்தாலையை நிறுத்தி வைக்கிறாங்கன்னு வேற செய்தி வருதே?

கம்பிக்குக் காசு போடாததுதான். காத்தாலை திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்ட மந்திரி வருவாரு, டிரான்ஸ்ஃபார்மருக்கு யார் வருவா? ஜெர்மனியில காத்து அடிக்கிறது வடக்க, கார் கம்பெனியும் கெமிக்கல் ஆலையும் இருக்கிறது தெக்க. நடுவுல சூட்லிங்க்னு ஒரு பெரிய லைன், 2022லயே முடியணும், எங்க ஊர்ல உயரமா கோபுரம் வேணாம்னு பவேரியா பக்கம் எதிர்ப்பு வர பூமிக்கு அடியில போடுறதா மாத்தி, செலவும் ஏறி, இப்ப 2028ன்னு சொல்றாங்க. அதுவரைக்கும் வடக்க காத்தாலையை நிறுத்தச் சொல்லி அதுக்கு நஷ்டஈடு, தெக்க இன்னொரு மின் நிலையத்தை ஓட்டச் சொல்லி அதுக்கும் காசு, இதுக்கே வருஷத்துக்கு 200, 300 கோடி யூரோ போகுது. 2024ல 457 மணி நேரம் ஜெர்மன் மொத்த வியாபாரச் சந்தையில கரண்ட் விலை பூஜ்யத்துக்குக் கீழ போச்சு, அதாவது கரண்ட்டை எடுத்துக்கிறவருக்கே காசு கொடுக்க வேண்டிய நிலைமை. நெதர்லாந்துல இன்னும் மோசம், புதுசா கனெக்‌ஷன் கேட்டு ஆயிரக்கணக்கான கம்பெனிங்க வரிசையில நிக்குது.

2030க்குள்ள கிரிட்டுக்கு மட்டும் 58,400 கோடி யூரோ வேணும்னு 2023ல பிரஸ்ஸல்ஸே கணக்குச் சொல்லுச்சு. பொது பட்ஜெட்ல எல்லை தாண்டுற மின் கட்டமைப்புக்குன்னு இருக்கிறது அதுல நூத்துல ஒரு பங்குதான். ஒரு நல்ல உதாரணம் உண்டு, எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா மூணும் சோவியத் காலத்துலேர்ந்து ரஷ்ய கிரிட்லயே மாட்டிக்கிட்டு இருந்துச்சுங்க, 2025 பிப்ரவரியில துண்டிச்சுட்டு ஐரோப்பிய கிரிட்ல சேர்ந்துடுச்சுங்க, செலவுல பெரும்பகுதியை யூனியன் கொடுத்துச்சு. ரஷ்ய பயம்னு வந்தா கம்பிக்கும் காசு கிடைக்குது.

டென்மார்க்ல காத்தாலை ஏலத்துக்கு ஒருத்தர்கூட வரலன்னாங்களே, அது உண்மையா?

உண்மை. கடல்ல காத்தாலை வைக்கிறதையே ஆரம்பிச்சு வச்ச நாடு அது, 1991ல விண்டபிங்கிற இடத்துல 11 காத்தாலை. அந்த ஊர்லயே 2024 டிசம்பர்ல வடகடல்ல 3,000 மெகாவாட்டுக்கு ஏலம் விட்டா டெண்டர் பெட்டி காலி! காரணம், மானியம் ஒரு பைசா கிடையாது, அதுக்கு மேல கம்பெனி வருஷா வருஷம் அரசுக்குக் காசு கட்டணும், 20% பங்கும் அரசுக்கு. வட்டி பூஜ்யமா இருந்த காலத்துல கம்பெனிங்க இதுக்குக்கூட போட்டி போட்டிருப்பாங்க. உக்ரைன் போருக்கு அப்புறம் வட்டி ஏறிடுச்சு, ஸ்டீல் விலை ஏறிடுச்சு, கணக்கு ஒத்து வரல. 2025ல அரசாங்கம் இறங்கி வந்து அதிகபட்சம் 5,500 கோடி குரோனர் (டென்மார்க் நாணயம்) வரைக்கும் மானியம் தரோம்னு மறுபடி கூப்பிட்டாங்க.

இப்ப வந்திருக்கிற முறை என்னன்னா, ஒரு விலையை முன்னாடியே பேசிக்கிறது, சந்தை விலை அதுக்குக் கீழ போனா அரசு மிச்சத்தைக் கொடுக்கும், மேல போனா கம்பெனி திருப்பிக் கட்டணும். பிரிட்டன் 2014லேர்ந்து இதைத்தான் பண்றாங்க. அவங்களும் 2023ல விலையை ரொம்ப இறுக்கிப் பிடிச்சு, கடல் காத்தாலைக்கு ஒரு அப்ளிகேஷன்கூட வராம போய், அடுத்த வருஷம் ஏத்திக் கொடுத்தாங்க.

வீட்டுக்கு மானியம் கொடுக்கிறாங்களாமே, அது எப்படி?

நல்ல எண்ணத்துல ஆரம்பிச்சு கன்னாபின்னான்னு ஓடின திட்டங்கள் நிறைய இருக்கிற இடம் இது. அங்க வீட்டுல செலவாகுற எரிசக்தியில பாதிக்கு மேல குளிருக்கு வீட்டை சூடாக்கவே காலியாகுது, அதனால சுவத்துக்கு இன்சுலேஷன், ஜன்னலுக்கு ரெட்டைக் கண்ணாடி, கேஸ் பாய்லருக்குப் பதிலா வெளிய இருக்கிற சூட்டை உள்ள இழுத்துக் கொடுக்கிற ஹீட் பம்ப்னு மானியம்.

இத்தாலி 2020ல சூப்பர்போனஸ்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. நீங்க 100 ரூபா செலவு பண்ணி வீட்டை சரி பண்ணா அரசாங்கம் 110 ரூபாவா வரியில கழிச்சுக்கும், அந்த வரிக்கழிவை பேங்க்குக்கோ கான்ட்ராக்டருக்கோ வித்துடவும் செய்யலாம். வீட்டுக்காரர் கைக்காசே போடலங்கிறப்ப யாரு பேரம் பேசுவா? நாடு பூரா சாரம் கட்டக் கம்பி கிடைக்கல, கூலி ஏறிடுச்சு, கட்டடமே இல்லாத இடத்துக்கெல்லாம் பில் போட்டானுங்க. கட்டட போனஸ்கள்ல மொத்தமா 1,500 கோடி யூரோ மோசடின்னு நிதிப் போலீஸ் கண்டுபிடிச்சாங்க. 2023ல கடிவாளம் போடுறதுக்குள்ள செலவு 10,000 கோடி யூரோவை நோக்கி ஓடி அப்புறம் அதையும் தாண்டிடுச்சு. இவ்ளோ காசுக்கு மாறின கட்டடம் சுமார் 5 லட்சம்தான், நாட்டுல இருக்கிற வீட்டுக் கட்டடங்கள்ல இது ரொம்பச் சின்ன பங்கு.

போலந்துல பழைய கரி அடுப்பை மாத்த 2018லேர்ந்து சுத்தமான காத்து திட்டம்னு ஒண்ணு ஓடுது, பத்து வருஷத்துக்கு 10,300 கோடி ஸ்லாட்டி (போலந்து நாணயம்). குளிர்காலத்துல கிராகோவ், கட்டோவீஸ் பக்கம் புகைமூட்டத்துல மூச்சுவிட முடியாதுங்கிறதால இது அவங்களுக்கு உயிர்ப் பிரச்சனை. அதையும் 2024 நவம்பர்ல மோசடி நடக்குதுன்னு நிறுத்திட்டு 2025 மார்ச் கடைசியில மறுபடி திறந்தாங்க. பிரான்ஸும் 2025 கோடையில தன்னோட வீட்டு மானியத்துல முழு வீட்டையும் புதுப்பிக்கிறதுக்கான பகுதியை அதே மாதிரி சில மாசம் மூடி வச்சு அப்புறம் சுருக்கித் திறந்தாங்க. அந்த இடைவெளியில ஆள் எடுத்து, வண்டி வாங்கி, ட்ரெய்னிங் கொடுத்து வச்சிருந்த சின்னச் சின்ன கான்ட்ராக்டருங்க கதி என்னன்னு யோசிங்க. அடுத்த தடவை திட்டம் வந்தா அவங்க நம்பி ஆள் எடுப்பாங்களா?

திடீர்னு நிறுத்துறது அவ்ளோ பெரிய தப்பா? காசு இல்லன்னா நிறுத்தித்தானே ஆகணும்?

காசு குறைவா கொடுத்தாக்கூட பரவால்ல, வரும்னு சொல்லிட்டு வராம போறதுதான் ஆளைக் கவுக்குது. ஸ்பெயின் இதுக்கு பாடப் புத்தகம். 2007ல சோலாருக்குத் தாராளமா ரேட் அறிவிச்சாங்க, எல்லாரும் ஓடி வந்தாங்க, 2008ல உலகத்துலயே அதிகமா சோலார் போட்ட நாடு ஸ்பெயின்தான். அப்புறம் பொருளாதாரம் படுத்துச்சு, 2010லேர்ந்து 2013க்குள்ள ஏற்கனவே கொடுத்த வாக்கையே வெட்டினாங்க, ரிட்டயர்மென்ட் காசைப் போட்டு பேனல் வாங்கினவங்கள்லாம் கடன்ல மாட்டினாங்க, வெளிநாட்டு முதலீட்டாளருங்க கேஸ் மேல கேஸ் போட்டாங்க, அது இன்னிக்கும் ஓடிட்டு இருக்கு. போதாக்குறைக்கு 2015ல சொந்தக் கூரை சோலார் மேலயே கட்டணம், "சூரிய வரி"ன்னு ஜனங்க கிண்டல் பண்ணாங்க, 2018ல எடுத்தாங்க. பல வருஷம் அந்த நாட்டுல சோலார் தூங்குச்சு. இப்ப மறுபடி முன்னாடி வந்துட்டாங்க, வெயில் இருக்கு, பேனல் மலிவு, அதனால தப்பிச்சாங்க.

ஜெர்மனியில கோர்ட்டே நிறுத்துச்சு. கொரோனாவுக்குன்னு கடன் வாங்க அனுமதிச்ச 6,000 கோடி யூரோ மிச்சம் இருந்துச்சு, அதை அப்போ சான்சலரா (நம்ம ஊர் பிரதமர் மாதிரி) இருந்த ஷோல்ஸோட அரசாங்கம் பருவநிலை நிதிக்கு மாத்துச்சு. கடன் கட்டுப்பாடு அங்க அரசியல் சட்டத்துலயே இருக்கு, 2023 நவம்பர்ல அரசியல் சட்ட நீதிமன்றம் அது செல்லாதுன்னுடுச்சு. அடுத்த மாசமே எலக்ட்ரிக் கார் மானியத்தை ஒரு சனிக்கிழமை அறிவிச்சு ஞாயித்துக்கிழமையோட முடிச்சுட்டாங்க. 2024ல எலக்ட்ரிக் கார் விற்பனை கால்வாசிக்கு மேல விழுந்துச்சு. பட்ஜெட் சண்டை முத்தி 2024 நவம்பர்ல கூட்டணியே உடைஞ்சது. 2025 மார்ச்ல சட்டத்தைத் திருத்தி 50,000 கோடி யூரோ உள்கட்டமைப்பு நிதி போட்டு, அதுல 10,000 கோடி பருவநிலை நிதிக்குன்னு ஒதுக்கினாங்க. ஒன்றரை வருஷம் ஆடின ஆட்டத்துக்கு அப்புறம்.

நிலக்கரிச் சுரங்கத்துல வேலை பார்த்தவங்க கதி?

இதுக்கு தனியா நியாயமான மாற்ற நிதின்னு யூனியன்ல 1,750 கோடி யூரோ இருக்கு (2018 விலையில), அதிகம் வாங்குறது போலந்து. ஜெர்மனி 2038க்குள்ள கரியை விடுறதுக்கு சுரங்கப் பகுதிகளுக்கு மட்டும் 4,000 கோடி யூரோ வரைக்கும் தரோம்னு சொல்லியிருக்கு. ஆனா எனக்குப் பிடிச்சது ஸ்பெயின் 2018ல பண்ண சின்ன ஒப்பந்தம். வெறும் 25 கோடி யூரோதான், ஆனா தொழிற்சங்கத்தோட முதல்லயே உக்காந்து பேசி, வயசானவங்களுக்கு சீக்கிரம் ஓய்வூதியம், இளசுகளுக்கு சுரங்கத்தைச் சுத்தம் பண்ற வேலை, ட்ரெய்னிங்னு எழுதிக் கொடுத்து, பெரிய ரகளை இல்லாம சுரங்கங்களை மூடினாங்க. அதே 2018 நவம்பர்ல பிரான்ஸ்ல டீசல் வரியை ஏத்தப் போக, மஞ்சச் சட்டை போட்ட போராட்டக்காரங்க தெருவுக்கு வந்து, கடைசியில அந்த வரி உயர்வையே வாபஸ் வாங்க வேண்டியதாப் போச்சு.

அணு மின்சாரத்தையும் பசுமைன்னு சேர்க்கிறாங்களா?

2022ல சில நிபந்தனையோட அணுவையும் எரிவாயுவையும் பசுமை முதலீட்டுப் பட்டியல்ல சேர்த்துட்டாங்க. பிரான்ஸ் அணுவுக்கு, ஜெர்மனி எரிவாயுவுக்குன்னு நின்னு ஆளுக்கொண்ணு வாங்கிட்டுப் போனாங்கன்னு சொல்லலாம். ஆஸ்திரியா எதிர்த்துக் கேஸ் போட்டுத் தோத்துச்சு.

காடு, பறவை, ஆறு, இதுக்கெல்லாம் காசு உண்டா?

உண்டு, மிச்சம் மீதி. இயற்கைக்குன்னு இருக்கிற லைஃப் திட்டம் 1992ல ஆரம்பிச்சது, இப்ப ஏழு வருஷத்துக்கு 540 கோடி யூரோ, அதுலயும் எரிசக்திக்கு, பருவநிலைக்குன்னு பங்கு போயிடும். விவசாய மானியம் அதே ஏழு வருஷத்துக்கு 38,700 கோடி. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தாலே முன்னுரிமை எதுன்னு தெரிஞ்சிடும்.

அந்தச் சின்னக் காசுல நடந்ததைப் பாருங்க. ஸ்பெயின், போர்ச்சுகல்ல மட்டும் இருக்கிற ஐபீரியன் லின்க்ஸ்னு ஒரு காட்டுப்பூனை, 2002ல வளர்ந்த பூனைங்க நூறுகூட இல்ல. கூண்டுல இனப்பெருக்கம் பண்ணி, அதுக்கு சாப்பாடான முயலைப் பெருக்கி, ரோட்டுக்கு அடியில கடக்க வழி விட்டு, நிலத்துக்காரங்களைச் சமாதானம் பண்ணின்னு லைஃப் காசு திரும்பத் திரும்ப, நடுவுல அறுபடாம வந்துச்சு. 2023 கணக்கெடுப்புல குட்டிகளோட சேர்த்து 2,000த்தைத் தாண்டிடுச்சு, 2024ல அழியும் ஆபத்துப் பட்டியல்ல ஒரு படி கீழ இறக்கிட்டாங்க.

அதே 2024ல விவசாயிங்களோட டிராக்டர் போராட்டம். பிரஸ்ஸல்ஸ், பாரிஸ், பெர்லின் எல்லாம் மறிச்சாங்க, பயந்துபோய் நிலத்துல 4% இயற்கைக்காக சும்மா விடணும்ங்கிற ரூலை எடுத்துட்டாங்க. ஜூன்ல இயற்கை மீட்புச் சட்டம் ஓட்டுக்கு வந்தப்ப விழுந்துடும்னுதான் எல்லாரும் நினைச்சாங்க, ஆஸ்திரிய மந்திரி லியோனோரே கெவெஸ்லர் தன் பிரதமர் வேணாம்னு சொல்லியும் ஆதரவா கை தூக்கி, அந்த ஒரு நாட்டு ஓட்டுல சட்டம் பாஸ் ஆச்சு. சட்டம் வந்துச்சு, அதுக்குன்னு தனி நிதி வரல.

நெதர்லாந்துல மாட்டுப் பண்ணைச் சாணத்துலேர்ந்து வர்ற நைட்ரஜன் இயற்கையைக் கெடுக்கிற பிரச்சனைக்கு 2,400 கோடி யூரோவுக்கு மேல ஒதுக்கி வச்சிருந்தாங்க, 2024ல ஆட்சி மாறினதும் அந்த நிதியைக் கலைச்சுட்டாங்க. டென்மார்க் பண்ணது வேற மாதிரி, விவசாய சங்கத்தையும் இயற்கை அமைப்பையும் ஒரே மேசையில உக்கார வச்சு, 2030லேர்ந்து மாடு, பன்னி விடுற வாயுவுக்கு வரி, 2.5 லட்சம் ஹெக்டேர் புதுக்காடு, நிலம் விடுறவங்களுக்கு இவ்ளோன்னு சேர்த்தே பேசி முடிச்சாங்க. வரி கழிவெல்லாம் போக டன்னுக்கு 120 குரோனர்தான், கம்மி. ஆனா உலகத்துல வேற எந்த நாடும் மாட்டுக்கு இவ்ளோ தூரம் வரல.

இப்ப ஆயுதத்துக்கு செலவு ஏறுதே, 2028க்கு அப்புறம் பசுமை அவ்ளோதானா?

அவ்ளோதான்னு சொல்லிட முடியாது, ஆனா இடம் சுருங்குது. 2025 ஜூன்ல நேட்டோ நாடுங்க ராணுவம், பாதுகாப்புக்கு 2035க்குள்ள ஜிடிபியில 5%ன்னு ஒத்துக்கிட்டாங்க. அடுத்த மாசமே பிரஸ்ஸல்ஸ் 2028லேர்ந்து 2034 வரைக்கும் சுமார் 2 லட்சம் கோடி யூரோவுக்கு பட்ஜெட் முன்மொழிஞ்சது, அதுல பருவநிலை, இயற்கை எல்லாத்துக்கும் சேர்த்து 35%. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா லைஃப் தனித் திட்டமா இருக்காது, போட்டித்திறன் நிதின்னு ஒரு பெரிய பானையில கரைச்சுடுவாங்க. லின்க்ஸுக்கு இருபது வருஷம் அறுபடாம வந்த மாதிரி காசு அந்தப் பானையிலேர்ந்து வருமான்னா, எனக்கு நம்பிக்கை இல்ல, பேட்டரி ஆலையோட போட்டி போட்டு ஒரு தவளைக்குளம் ஜெயிக்காது. 27 நாடும் ஒருமனதா ஒத்துக்கணும்ங்கிறதால பேரம் கடைசி நாள் வரைக்கும் ஓடும்.

இதுக்கும் நமக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா? திருப்பூர் பனியனுக்கு கார்பன் வரி வருமா?

பழைய சம்பந்தம் உண்டு, முப்பந்தல், கயத்தாறுல ஆரம்ப காலத்து மாதிரிக் காத்தாலைப் பண்ணைங்க டென்மார்க் அரசாங்க உதவியில வந்ததுதான். தமிழ்நாட்டுல காத்தாலை கரண்ட்டைக் கொண்டு போற லைனுக்கு ஜெர்மனியோட கேஎஃப்டபிள்யூ பேங்க் கடன் கொடுத்திருக்கு.

வெளிநாட்டுலேர்ந்து யூனியனுக்குள்ள வர்ற சரக்கோட கார்பனுக்குப் போடுற எல்லைக் கார்பன் வரி 2026 ஜனவரியிலேர்ந்து முழுசா அமல். இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் இதுக்குத்தான், துணி பட்டியல்ல இல்ல, அதனால பனியனுக்கு இப்போதைக்கு இந்த வரி கிடையாது. போல்ட், நட்டு மாதிரி இரும்புச் சாமான் அனுப்புறவங்கதான் கவனிக்கணும். வரி கட்டுறது அங்க இறக்குமதி பண்றவர், ஆனா கணக்கு கேட்டு மெயில் உங்களுக்குத்தான் வரும். ஒரு டன் சரக்குக்கு எவ்ளோ கார்பன்னு சொந்தக் கணக்கு கொடுக்கலன்னா அவங்க வச்சிருக்கிற பொது அளவைப் போட்டுடுவாங்க, அது பெரும்பாலும் உங்க உண்மை அளவைவிட அதிகமாத்தான் இருக்கும்.